தேவையற்ற வெளிச்சம்

சவரிமுத்து வளர்த்த அவரைச் செடி ஜன்னல் பக்கம் சாயவில்லை. அவருடைய மகள் ஜெசிந்தா இருந்த பக்கம் சாய்ந்தது.

அறிவியல் கண்காட்சி என்னவோ ஜெசிந்தாவுக்குத்தான். ஆனால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் செய்முறையை அப்பாக்கள் செய்து முடிப்பதுதான் அந்தப் பள்ளியின் வழக்கம். சவரிமுத்து சர்வேயர்; கோணம் பார்ப்பதில் கெட்டிக்காரர். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் ஓர் ஓட்டை போட்டு, உள்ளே செடியை வைத்து, ஓட்டையை ஜன்னலுக்கு நேராகத் திருப்பினார். வெளிச்சம் வரும் பக்கம் செடி சாய வேண்டும். பாடப்புத்தகத்தில் படமே இருக்கிறது.

செடி அந்தப் படத்தைப் பார்த்திருக்கவில்லை. ஜெசிந்தா சமையலறைக்குப் போனால் சமையலறைப் பக்கம் சாய்ந்தது. கொல்லைக்குப் போனால் கொல்லைப் பக்கம் சாய்ந்தது. மனிதர் தலைகீழாக நின்று பார்த்தும் அது ஜன்னலை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

அறிவியல் டீச்சர் ஆச்சரியப்படவில்லை. சில பிள்ளைகள் அப்படித்தான் என்றார். பிள்ளையை அகற்றிவிட்டால் முடிவு சரியாக வரும், மாடியில் கூடுதல் வெளிச்சப் பிரிவு இருக்கிறது, படிவம் கொடுப்பார்கள் என்றார்.

மாடி வராந்தா நடக்க நடக்க நீண்டது. ஜெசிந்தா புத்தகப் பையோடு பின்னால் வந்தாள். படிவத்தில் ‘அகற்றுவதற்கான காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. சவரிமுத்து அதில் ‘தேவையற்ற வெளிச்சம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறவனுக்குக் கை நடுங்காது போலிருக்கிறது. எழுத்து முத்து முத்தாக வந்தது.

“எத்தன நாளுப்பா?” என்று கேட்டாள் ஜெசிந்தா.

“மூணே நாளுதாம்மா.”

அவள் சரியென்று தலையாட்டினாள். அழுதிருந்தால் கூட்டிக்கொண்டு வந்திருப்பார். அவள் அழுகிற பிள்ளை இல்லை. இதைப் பிறகு எத்தனையோ தடவை நினைத்து அவர் நொந்துகொண்டார்.

மூன்றாம் நாள் செடி ஜன்னல் பக்கம் சாய்ந்தது. சரியாக முப்பத்திரண்டு டிகிரி. முதல் பரிசாக மூடி போட்ட எவர்சில்வர் டப்பா கொடுத்தார்கள். அதைக் காட்ட வீட்டில் ஆள் இல்லை. வீட்டில் இருந்ததே இரண்டு பேர்.

அன்றைக்கே மாடிக்குப் போனார். வராந்தா இன்னும் நீண்டிருந்தது. போய்ச் சேர ஆறு நாள் ஆனது.

கிளார்க் பதிவேட்டைப் புரட்டினார். “தேவையில்லன்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க? தேவப்பட்ட எடத்துக்குக் குடுத்தாச்சு.”

“அவ எம் பொண்ணு சார்.”

“ஆளுங்களுக்கு வெளிச்சம் ஒதுக்குறதில்ல. செடியா இருந்தா எழுதிக் குடுங்க, பாக்கலாம்.”

சவரிமுத்து ‘செடி’ என்று எழுதிக் கொடுத்தார். யாரும் மறுத்துப் பேசவில்லை. பியூன் ஒரு பிளாஸ்டிக் வாளியில் அவரை நிறுத்தி, முழங்கால் வரை மண் போட்டு, வராந்தாக் கோடியில் மற்ற அப்பாக்களின் வரிசையில் வைத்தார்.

நாலாம் நாள் சாயங்காலம் ஜெசிந்தா தண்ணீர்க் குவளையோடு வந்தாள். கொஞ்சம் வளர்ந்திருந்தாள். அப்பா தப்புப் பண்ணிட்டேம்மா என்று சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் அவர் நெஞ்சில் இருந்தது. ஆனால் செடிக்கு ஏது வாய்? உடம்பு மட்டும் அவள் பக்கம் சாய்ந்தது.

“இது ஏண்ணே இவ்வளவு கோணலா இருக்கு?” என்று பியூனிடம் கேட்டாள்.

“வந்ததுலேருந்தே அப்படித்தாம்மா.”

அவள் தண்ணீரை ஊற்றினாள். செடி நேராகட்டும் என்று வாளியைப் பிடித்து, அவர் முகம் ஜன்னலைப் பார்க்கும்படி திருப்பிவைத்தாள். பிறகு அடுத்த வாளிக்குப் போனாள்.

சவரிமுத்து மெல்ல அவள் போன பக்கம் திரும்பத் தொடங்கினார். பாதி திரும்பியபோது மறுநாள் சாயங்காலம் ஆகியிருந்தது. அவள் வந்து மறுபடியும் திருப்பிவைத்தாள்.