வெயில் தின்ற முகம்

சுனாமி வந்த மறு வருஷம் அது. மேற்குத் தாம்பரத்தில் மெத்தைக் கடை வைத்திருந்த அஸ்கரை இடத்தைக் காலி பண்ணச் சொல்லி அந்த ஏரியா ரவுடி ஏகநாதன் மிரட்டிக்கொண்டிருந்தான். போலீசில் சொன்னால், "ஆதாரம் கொண்டா பாய்" என்றார் இன்ஸ்பெக்டர். அடிக்க வருகிறவன் அத்தாட்சி கொடுத்துவிட்டா அடிப்பான்? அஸ்கர் தன் மனைவியின் அண்ணன் வாஜித்தைக் கூப்பிட்டான். வாஜித் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவன்.

"இன்னைக்கு வருவான் மச்சான். உள்ள நின்னு எடுத்துடு. அவன் மூஞ்சி தெரிஞ்சா போதும்."

வாஜித்திடம் இரண்டு கேமரா. காலமெல்லாம் சோறு போட்ட கனத்த ஃபிலிம் கேமராவை மெத்தைமேல் வைத்துவிட்டு, புது டிஜிட்டலை எடுத்தான். அதில் எடுத்த உடனே திரையில் பார்த்துக்கொள்ளலாம். கடைக்குள் இருட்டு, வெளியே கண்ணைக் குத்தும் வெயில். பாழாய்ப்போன பழக்கம் விடுமா? நிழலில் நின்ற அஸ்கரின் முகத்துக்கு வெளிச்சம் அளந்து வைத்தான். மண்டப வாசல்களில் எப்போதும் அப்படித்தான். வெயிலை ஃபிலிம் தாங்கிக்கொள்ளும். டிஜிட்டல் தாங்காது, வெயில் பட்ட இடமெல்லாம் வெள்ளையாக வெளிறிப்போகும் என்பது அந்தப் படபடப்பில் மறந்து தொலைந்தது.

ஏகநாதன் வந்தான். முகத்தில் வெயிலடிக்கத் தெருவில் நின்றபடியே, வாசலுக்கு வந்த அஸ்கரின் தோளில் இரும்புக் கம்பியை இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் உள்ளே கேட்டது. அடுத்த அடி தலையில். அஸ்கர் பஞ்சு மூட்டைமேல் சரிந்தான், பஞ்சு சிவந்தது. வாஜித் எடுத்துக்கொண்டே இருந்தான்.

"இன்னா பாய், படம் புடிச்சிகினு கீறியா? குடு."

உள்ளே வந்து கேமராவைப் பிடுங்கித் திரையைப் பார்த்த ஏகநாதன் சிரித்தான். அஸ்கரின் ரத்தம் துல்லியமாகத் தெரிந்தது. கம்பி பிடித்தவனுக்குக் கழுத்துக்கு மேல் வெறும் வெள்ளை.

"நான் எங்க கீறேன் இதுல? நீயே வச்சுக்கோ."

கேமராவை வாஜித்தின் கழுத்திலேயே மாட்டிவிட்டு, கன்னத்தில் செல்லமாகத் தட்டினான்.

அந்தத் தட்டுத்தான் வாஜித்துக்குப் பொறுக்கவில்லை. மெத்தைமேல் கிடந்த ஃபிலிம் கேமராவை வாரோடு சுழற்றி அவன் முகத்தில் அடித்தான். லென்ஸ் விளிம்பு பட்டுப் புருவம் பிளந்தது. மறுபடி அடித்தான். பல் ஒன்று தெறித்து விழுந்தது. ஏகநாதன் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓடினான்.

அஸ்கரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வாஜித் ஸ்டேஷனுக்குப் போனபோது சாயங்காலம். இன்ஸ்பெக்டர் படங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"மூஞ்சியே இல்லையே பாய். அவன் கோவிலம்பாக்கத்துல ஒரு காதுகுத்துல இருந்தானாம். அங்க மாடிப்படியில விழுந்து பல்லு போச்சாம்."

வாஜித் நெளிந்துபோன ஃபிலிம் கேமராவை மேஜைமேல் வைத்தான். விளிம்பில் ரத்தமும் தோலும் காய்ந்திருந்தன. பக்கத்தில் கைக்குட்டையைப் பிரித்து அந்தப் பல்லை வைத்தான்.

"படியில விழலை சார். அஸ்கர் கடையில நான்தான் அடிச்சேன். என்மேல கேஸ் எழுதுங்க."

"உள்ள போயிடுவ, தெரியுமில்ல?"

"தெரியும் சார். எழுதுங்க. அவன் அங்க வரலைன்னா நான் யாரை அடிச்சேன்?"

இன்ஸ்பெக்டர் பல்லைக் கைக்குட்டையோடு தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு பேனாவைத் திறந்து, முதலில் வாஜித்தின் பெயரை எழுதினார்.