ட்ராயானின் கார்டு

ஓட்டும் நேரத்தைப் பதியும் டாகோ பெட்டியின் சின்னத் திரை இன்னும் நான்கு நிமிடம் என்று காட்டியது. அதற்குள் ஒக்டாவ் ரம்னிகுவுக்கு வெளியே இருந்த லாரி நிறுத்தத்தில் வண்டியை ஒதுக்கிக் கைபிரேக்கை இழுத்துவிட்டான். அதிகாலை மூன்று மணிக்குக் கொன்ஸ்தான்சாவில் ஏறி உட்கார்ந்தவன். இப்போது மதியம் ஒன்றரை. சட்டப்படி இன்றைய ஓட்டம் முடிந்தது. இனி பதினொரு மணி நேரம் ஓய்வு.

கண்கள் எரிந்தன. கடைசி அரை மணியில் இரண்டு முறை கண் செருகியிருந்தது. இரண்டாவது முறை அவனை எழுப்பியது, ஓரக் கோட்டில் சக்கரம் ஏறி அதிர்ந்த சத்தம்.

எஞ்சின் அடங்குவதற்குள் போன் அடித்தது. மேனேஜர் ஹொரியா.

"என்ன பண்ணையாரே, நின்னுட்டீங்க?"

"நேரம் முடிஞ்சிருச்சு ஷெஃபு."

"யாரோட நேரம்? என் மேப்ல நீ ஒரு நீலப் புள்ளிடா. அந்தப் புள்ளி அஞ்சு மணிக்கு சிபியுல இருக்கணும். அங்க பேக்டரியே உன் சரக்குக்காக வாயப் பொளந்துட்டு நிக்குது."

"கண்ணு சொருகுது ஷெஃபு. ஆத்தோரமா அத்தன வளைவு…"

"உன் பொண்டாட்டிக்குப் போன் பண்ணு, தாலாட்டு பாடுவா. காலைல ஒரு கவர் குடுத்தேன்ல? அதப் பிரி."

ஒக்டாவ் பிரித்தான். உள்ளே, டாகோ பெட்டியில் செருகும் டிரைவர் கார்டு ஒன்று. அதிலிருந்த படத்தில், அதே கம்பெனியில் லாரி ஓட்டிய ட்ராயான் மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டு முறைத்தார். மூன்று வாரம் முன்பு அவரை அடக்கம் செய்தபோது ஒக்டாவும் சவப்பெட்டியை ஒரு பக்கம் தூக்கியிருந்தான்.

"இது… ட்ராயானோடது."

"அவருக்குத்தான் நல்ல ஓய்வு கெடைச்சிருச்சே. இனி எத்தன மணி நேரம் வேணா ஓட்டுவாரு." ஹொரியா சிரித்தான். "உன் கார்ட எடு, அவரோடதச் சொருகு. பெட்டிக்கு ஆளத் தெரியாது, கார்டத்தான் தெரியும். பத்து நிமிஷத்துல புள்ளி நகரணும். கலின் கதை ஞாபகம் இருக்குல்ல?"

இருந்தது. கலின் ஒரே ஒரு முறை முடியாது என்றான். ஹொரியா உட்கார்ந்த இடத்திலிருந்து எல்லா முதலாளிகளுக்கும் போன் செய்தான். அதன்பின் அந்த மாவட்டத்தில் கலினை நம்பி ஒருவரும் லாரிச் சாவி கொடுக்கவில்லை.

ஒக்டாவ் கீழே இறங்கினான். முகம் கழுவினால் தெளியும் என்று பார்த்தான், தெளியவில்லை. பக்கத்துக் கடையில் அதே கம்பெனியின் ஜெலு, சுட்ட கறி உருண்டைகளைக் கடுகுச் சாந்தில் தொட்டு விழுங்கிக்கொண்டிருந்தான்.

"மூஞ்சி ஏன்டா பேயடிச்ச மாதிரி இருக்கு?"

ஒக்டாவ் கார்டைக் காட்டினான். ஜெலு மெல்லுவதை நிறுத்தினான். பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"போட்டு ஓட்டிரு. நாம போடாததா? போன மாசம் பூரா கலினோட கார்டுல நான்தான் கலின். அவனாவது உயிரோட இருந்தான்."

"தூங்கிருவேன்டா."

"ஜன்னலத் தெறந்து வை. பாட்டுப் பாடு. உன் குரலுக்கு நீயே முழிச்சுக்குவ."

அவன் சிரிக்கவில்லை. ஒக்டாவும் சிரிக்கவில்லை.

வண்டியில் ஏறித் தன் கார்டை எடுத்துவிட்டு ட்ராயானுடையதைச் செருகினான். பெட்டி அதை உள்ளே இழுத்துக்கொண்டது. திரையில் ட்ராயானின் குடும்பப் பெயர் வந்தது. அடுத்து, இந்தக் கார்டு கடைசியாக எடுக்கப்பட்ட நேரம்: ஒன்பதாம் தேதி, 12.40.

சாவியைத் திருகப் போன கை நின்றது.

ஒன்பதாம் தேதிதான் ட்ராயான் செத்தார். மாலை ஏழு மணிக்கு, இதே சாலையில், கெய்னேனி தாண்டி ஒரு நிறுத்தத்தில், ஸ்டீயரிங் மேல் கவிழ்ந்து கிடந்தார். முதலில் போய்ப் பார்த்தது ஹொரியா. மதியத்திலிருந்து அங்கே ஓய்வெடுத்தார், தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்று ஹொரியா கல்லறையில் வைத்து அவர் மனைவியிடம் சொன்னான். ஆனால் அன்று மதியம் ட்ராயான் கெய்னேனியில் இல்லை. பன்னிரண்டரைக்கு ஒக்டாவுக்குப் போன் செய்தார். புகரெஸ்ட் தாண்டவில்லை என்று அலுத்துக்கொண்டார். அங்கிருந்து கெய்னேனி இருநூறு கிலோமீட்டருக்கு மேல். மலைச்சாலை வேறு.

அப்படியானால் மீதித் தூரத்தை யாருடைய கார்டில் ஓட்டினார்?

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. லீவில் போகிறவன் கார்டை ஹொரியாவின் மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுப் போக வேண்டும். அதிலுள்ள பதிவுகளைக் கணினியில் ஏற்றத்தான் என்பார்கள். அது பொய் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் போட்டார்கள்.

அந்த வாரம் லீவில் இருந்தது ஒக்டாவ். தங்கை மகளின் ஞானஸ்நானம்.

தன் கார்டை மறுபடி செருகி, ஒன்பதாம் தேதியைத் தேடி, அச்சுப் பொத்தானை அழுத்தினான். பெட்டி மெல்லிய தாளைத் துப்பிக்கொண்டே இருந்தது. அன்று மதியம் அவன் கோயிலில் மெழுகுவர்த்தி பிடித்து நின்றிருந்தான். தாளில் அவன் 12.52-க்கு வண்டியை எடுத்திருந்தான். 17.31 வரை இடைவெளியே இல்லாமல் ஓட்டியிருந்தான். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

தாளைக் கிழித்து மடித்தான்.

போன்.

"புள்ளி நகரலையே."

"தாள் அடிச்சுப் பாத்துட்டேன். ஒன்பதாம் தேதி என் கார்டுல ஓட்டினது யாரு ஷெஃபு?"

ஹொரியா தணிந்த குரலில் பேசினான். ஒக்டாவ் அந்தக் குரலை இதற்குமுன் கேட்டதில்லை.

"இழுப்பறையில போட்டது நீதான? நானா உன் பைக்குள்ள கைய விட்டு எடுத்தேன்? மாட்டினா மொதல்ல உன் லைசென்ஸ்தான் போகும். அப்புறம் ட்ராயான் சம்சாரத்துகிட்ட என்ன சொல்லுவ? அங்கேயே இரு. பிதெஸ்த்தில இருந்து கிளம்பிட்டேன். ரெண்டு கார்டும் என் கைக்கு வரணும். அந்தத் தாளும்."

ஒக்டாவ் இரண்டு கதவுகளையும் பூட்டினான். பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தான். சாலைச் சோதனை அலுவலகத்தின் எண்ணைத் தேடி அழுத்தினான்.

"என்கிட்ட செத்துப்போன ஒருத்தரோட டிரைவர் கார்டு இருக்கு," என்றான். "அவர் செத்தப்ப என் கார்டுல ஓட்டிக்கிட்டிருந்தார்."

"நீங்க யாரு?" என்றது ஒரு பெண்குரல்.

சொந்தப் பெயரைச் சொல்ல அவனுக்கு நேரமாயிற்று.

ஹொரியாதான் முதலில் வந்தான். படியில் ஏறி முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்துக் கத்தினான். மூச்சுப் பட்டுக் கண்ணாடி வெளுத்தது. "தெறடா! ஒரு நாய்கூட உனக்கு வண்டி தராதுடா!" உள்ளங்கையால் கதவை அறைந்தான். ஒக்டாவ் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கடை வாசலில் ஜெலு தட்டோடு எழுந்து நின்றான். கிட்டே வரவில்லை. உள்ளேயும் போகவில்லை.

சோதனை வேன் வந்தபோது ஹொரியா படியிலிருந்து இறங்கிச் சட்டையைச் சரிசெய்துகொண்டான். கைகுலுக்கச் சிரித்தபடி நடந்தான். அதிகாரி அவனைத் தாண்டி வந்து கதவைத் தட்டினார்.

ஒக்டாவ் இறங்கினான். இரண்டு கார்டுகளையும் தாளையும் நீட்டினான்.

"இதுல உங்களோடது எது?"

ஒக்டாவ் காட்டினான்.

"மொதல்ல இத எழுதுங்க," என்றான். "என் கார்ட இழுப்பறையில போட்டுக் குடுத்தது நான்தான்."