நாலு இருபதுக்கு ஒரு படம்

என் தங்கையின் கல்யாணத்தில் ஆளுக்கொரு வேலையைப் பிரித்துக்கொண்டபோது, என் தலையில் விழுந்தது நேரப் பட்டியல். அதுவும் போட்டோக்காரருக்குத் தோதான நேரப் பட்டியல். மூன்று வாரம் அந்த மனிதர் என் உயிரை வாங்கினார். ஜன்னலில் சும்மா தொங்கும் கல்யாண உடையைப் படமெடுக்க இருபது நிமிடம் வேண்டுமாம். மோதிரத்துக்குப் பத்து நிமிடம். செருப்புக்குத் தனியாக ஐந்து. மனிதர்களை எப்போதுதான் எடுப்பீர்கள் என்று கேட்டேன். அதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும் என்றார், ரொம்பப் பொறுமையாக. அந்தப் பொறுமைதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

அவர் கேட்ட வெளிச்சம் மண்டபத்தின் பின்பக்கப் படிக்கட்டில் மட்டும்தான் விழும். அதுவும் நாலு இருபதிலிருந்து நாலே முக்கால் வரை. அதற்கு முன்னால் வெயில் கண்ணைக் கூச வைக்கும். அதற்குப் பின்னால் எதிர்க் கட்டடத்தின் நிழல் படிகளை மூடிவிடும். இதை ஒரு முழு மாலை நின்று பார்த்துக் குறித்துக்கொண்டு வந்திருந்தார். ஐந்து மணிக்குக் கல்யாணம்.

அந்த இருபத்தைந்து நிமிடத்தில் தங்கைக்கு வேண்டியது ஒரே ஒரு படம். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் அப்பா, நடுவில் அவள்.

எங்கள் வீட்டில் இது லேசான காரியம் இல்லை. அம்மாவும் அப்பாவும் பிரிந்து பதினோரு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு இருவரும் ஒரே அறையில்கூட நின்றதில்லை. தங்கை இரண்டு மாதம் கெஞ்சிய பிறகு அம்மா இறங்கி வந்தாள், அதுவும் நிபந்தனையோடு.

“பின்பக்கப் படியில, ஜனங்க வர்றதுக்கு முன்னாடி, ஒரே ஒரு படம். மேடையில எல்லார் முன்னாடியும் என்னால அவரோட நிக்க முடியாது. அதை மட்டும் கேக்காதீங்க.”

அப்பாவிடம் சொன்னேன். சரி என்று உடனே ஒப்புக்கொண்டார். அம்மா வீட்டு ஆட்கள் கண்ணில் படாமல் இருக்க, அவர் நேராகப் பின்பக்கப் படிக்கு வந்து நிற்பது என்று ஏற்பாடு.

இப்போது என் பட்டியலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் இரண்டு பத்திகள் இருந்தன. ஒன்று, உண்மையான நேரம். இன்னொன்று, நான் ஆட்களிடம் சொல்லும் நேரம். எங்கள் குடும்பத்தை வைத்துக்கொண்டு இப்படித்தான் காலம் தள்ள முடியும். சித்திக்கு முக்கால் மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும். மாமாவுக்கு ஒரு மணி நேரம் முன்னால் சொன்னால், இவள் எப்படியும் ஒரு மணி நேரம் முன்னால்தான் சொல்லுவாள் என்று கணக்குப் போட்டு ஆற அமர வருவார். ஆகவே அவருக்கு இரண்டு மணி நேரம். அம்மா ஒருத்திக்குத்தான் இரண்டு பத்தியிலும் ஒரே நேரம் இருந்தது.

அப்பா விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் பள்ளி ஆண்டு விழாவுக்கு, எல்லாம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது வந்த மனிதர். தங்கை பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு மறுநாள் வந்தார். அவர் பெயருக்கு எதிரே உண்மையான நேரம் நாலு இருபது என்றும், சொல்லும் நேரம் மூன்றரை என்றும் போட்டேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கல்யாண நாளில் மண்டபத்தின் மாடி அறையில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருந்தது ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அலங்காரம் செய்ய வந்த பெண்ணுக்கு முடியைச் சுருட்ட அது வேண்டும், சித்திக்கு இஸ்திரி போட வேண்டும், போட்டோக்காரருக்கு பேட்டரி சார்ஜ் ஏற வேண்டும். மூவருக்கும் நடுவில் நான் நியாயம் பேசிக்கொண்டிருந்தேன். மாமாவோ, தான் கிளம்பிவிட்டதாகத் தன் வீட்டு சோபாவிலிருந்தே போன் செய்தார். பின்னால் டிவி சத்தம் கேட்டது. மூன்றே முக்காலுக்குப் போட்டோக்காரரைக் காணவில்லை. வெளிச்சம் பார்க்கக் கீழே போயிருந்தாராம். அந்தக் கட்டடம் நகர்ந்துவிடவா போகிறது என்று, திரும்பி வந்தவர் மேல் பாய்ந்தேன்.

மூன்று ஐம்பதுக்கு அப்பாவிடமிருந்து போன் வந்தது. நான் எடுக்கவில்லை. எங்கேயோ மாட்டிக்கொண்டிருப்பார், சாக்குச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். வாழ்நாள் முழுக்கக் கேட்ட சாக்குதானே. நாலு மணிக்கு மறுபடி வந்தது. நான் தங்கையின் முதுகில் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தேன். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

நாலு இருபதுக்கு, எங்கள் குடும்ப வரலாற்றில் முதல் தடவையாக, எல்லாம் சரியாக இருந்தது. தங்கை தயார். அம்மா தயார், உதட்டைக் கடித்துக்கொண்டு படியில் வந்து நின்றாள். வெயில் போட்டோக்காரர் சொன்னபடியே இதமாக இறங்கியிருந்தது. அப்பா இல்லை.

நான் போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. நாலரை ஆயிற்று. தங்கை தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டோக்காரர் அவளை மட்டும் வைத்து நாலைந்து படம் எடுத்தார், பிறகு அம்மாவோடு. நாலு நாற்பத்தைந்துக்கு நிழல் கீழ்ப்படியைத் தொட்டது.

“எனக்குத் தெரியும்டி,” என்றாள் அம்மா. “என்னைக்கு அவர் நேரத்துக்கு வந்தாரு? பொண்ணு கல்யாணத்துல கூடவா?”

மை கலைந்துவிடும் என்று அலங்காரப் பெண் தங்கையின் கண்ணடியில் பஞ்சை ஒற்றிக்கொண்டிருந்தாள்.

மாடிக்கு ஏறும் வழியில் என் போன் அடித்தது. அவர்கள் இருவரையும் முன்னால் போகச் சொல்லிவிட்டு எடுத்தேன். அப்பா பஸ்ஸில் இருந்தார். இரைச்சலில் அடித்தது கேட்கவில்லை என்றார்.

“ஏம்பா இப்படிப் பண்ணினீங்க?” என்று சீறினேன்.

“நீ மூணரைன்னு சொன்னே. மூணு இருபதுக்கே வந்துட்டேன்மா. நாலு பத்து வரைக்கும் நின்னேன். யாரும் வரல. உனக்கு ரெண்டு வாட்டி போன் போட்டேன், எடுக்கல. சரி, உங்கம்மா மனசு மாறிட்டா போலிருக்கு, அதை எங்கிட்ட சொல்ல உனக்குக் கஷ்டமா இருக்குன்னு நினைச்சேன்.”

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி வருகிறேன் என்றார்.

ஐந்தே முக்காலுக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். வெளியே நிழல், உள்ளே ஜனம். மேடையில் நிற்க அம்மாவைக் கேட்க முடியாது. தங்கை அவரிடம் போய் ஏன் லேட் என்று கேட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்பா என்னைப் பார்த்தார்.

“பஸ் லேட்டாயிடுச்சும்மா,” என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு இல்லை, அடுத்த இரண்டு வாரமும் இல்லை. அம்மா சொந்தக்காரர்களிடம் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். சித்தி சிரித்தாள். மாமா, ஊருக்கே பிந்தி வந்த மாமா, அப்பாவைக் குறை சொன்னார். அப்போதும் நான் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

பிறகு போட்டோக்காரர் எல்லாப் படங்களையும் அனுப்பினார். நானும் அம்மாவும் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துப் பார்த்தோம். தொங்கும் உடை, மோதிரம், செருப்பு எல்லாம் அழகாகத்தான் இருந்தன. அவற்றுக்குப் பின்னால் ஒரு படம். வெளிச்சம் சரிபார்க்க எடுத்தது என்று கீழே எழுதியிருந்தார். அப்பாவை அவருக்குத் தெரியாது. யாரோ சீக்கிரம் வந்த விருந்தாளி என்று நினைத்து, சார், கொஞ்சம் நில்லுங்க என்று சொல்லியிருப்பார்.

பின்பக்கப் படி. கூசும் வெயில். அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். புதுச் சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை. தலையைப் படிய வாரியிருக்கிறார். படியின் நடுவில் நிற்கவில்லை. வலது ஓரமாக, இன்னும் இரண்டு பேருக்கு இடம் விட்டு நிற்கிறார்.

அம்மா படத்தின் அடியில் இருந்த நேரத்தைப் படித்தாள். மூன்று நாற்பத்தொன்று. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள்.

“நாலு இருபதுக்குத்தானே வரணும்?”

“நான் அவர்கிட்ட மூணரைன்னு சொல்லியிருந்தேன்மா. அம்பது நிமிஷம் நின்னுருக்காரு. போன் பண்ணாரு, நான்தான் எடுக்கல.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவள் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எனக்கு எத்தனை மணின்னு சொன்னே?”

“நாலு இருபதுன்னுதான்.”

“அவருக்கும் அதையே சொல்லியிருக்கலாம்,” என்றாள் அம்மா.