முதலில் இங்கிலீஷ், அப்புறம் அரபி

எந்த அறிக்கை இரண்டு மொழியில் வந்தாலும் முதலில் படிப்பது இங்கிலீஷ், சாப்பிட்டுவிட்டு வந்து அரபி. டெல்லி கரோல் பாக்கில் ஒரு மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில் அதுதான் வழக்கம். மேற்காசியச் செய்திகளைப் படித்து, அங்கே ஆள் அனுப்பியிருக்கும் கம்பெனிகளுக்குக் குறிப்பு எழுதிக் கொடுப்பது அவர்கள் தொழில். அரபி படித்த இளவரசியை வேலைக்கு வைத்துக்கொண்டு இப்படி ஒரு வழக்கம்! அவளுக்கும் அது பழகிப்போயிருந்தது.

அன்று வந்தது சாதாரண அறிக்கை இல்லை. முந்தின நாள், வெளிநாட்டு எஞ்சினியர்கள் தங்கும் விடுதி ஒன்றில் புதிய தீவிரவாதக் கும்பல் குண்டு வைத்திருந்தது. அந்த ஊரில்தான் அவள் கணவன் ஜெகன் இவர்கள் குறிப்பை வாங்கும் வெளிநாட்டு எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தான். அங்கே நாடாளுமன்றத்தில் பல இடங்களைப் பிடித்திருந்த பழைய இஸ்லாமியவாதக் கட்சி என்ன சொல்லப்போகிறது என்று எல்லாரும் காத்திருந்தார்கள். தெருவில் ஆள் பலம் அதற்குத்தான்.

"அப்பாவிகளைக் கொல்வது மார்க்கத்துக்கு விரோதம்" என்றது இங்கிலீஷ் அறிக்கை. இளவரசிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. 'பெரிய கட்சி தெளிவாகக் கண்டித்துவிட்டது. பதற்றம் தணியும்' என்று எழுதி அனுப்பினாள்.

நேரம் கழித்துத் தயிர்சாதத்தை முடித்துக்கொண்டு அரபியைத் திறந்தாள். கண்டனத்தைக் காணோம். குண்டு வைத்தவர்கள் 'அவசரப்பட்டுவிட்ட நம் பிள்ளைகள்' ஆகியிருந்தார்கள். அவர்கள் நம்மைக் கோழைகள் என்று ஏசுவது நியாயமில்லை. அந்நியக் கம்பெனிகளை விரட்டுவதில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அவற்றின் வாசலுக்கே போவோம், வாருங்கள் என்றது அரபி.

அன்று வெள்ளிக்கிழமை. அங்கே தொழுகை முடிந்திருக்கும்.

இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரே கட்சி, ஒரே முத்திரை! தங்கள் இளைஞர்கள் அந்தக் கும்பல் பக்கம் ஓடிவிடக் கூடாதே என்று இப்படியா பேசுவார்கள், பாவிகள்?

"சார், என் குறிப்பைத் திரும்ப வாங்குங்க. ஜல்தி!"

"கண்டிச்சுட்டாங்கன்னு நீதானேம்மா எழுதினே?" என்றார் மேலாளர் வெங்கடேஸ்வரன்.

அதற்குள் அவள் ஜெகனுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, உடனே ஏர்போர்ட்டுக்குக் கிளம்புங்க."

"காலையில பஸ்ஸே வந்துச்சு. பெட்டியோட ஏறி உக்காந்துட்டோம்." ஜெகன் சிரித்தான். "அப்புறம் டெல்லிக் குறிப்பைப் படிச்சுக் காட்டுனாங்க. பதற்றம் தணியுமாம். பஸ்ஸைத் திருப்பி அனுப்பியாச்சு. எழுதுனது என் பொண்டாட்டின்னு சொல்லி நான்தான் முதல்ல இறங்குனேன். நாப்பது பேரும் என் பின்னாடியே இறங்கிட்டாங்க."

"அந்தக் குறிப்பு தப்புங்க..." என்று ஆரம்பித்தாள்.

"இரு, கேட்டுல ஏதோ சத்தம்" என்றான். "பாத்துட்டு வந்துடறேன்."