எட்னாவின் கட்டிலருகே ஒரு ஸ்லீப்பர் கட்டை

ரயில் கம்பெனிப் போலீஸ்காரர் ஆர்வில் ஹாஸ், கம்பெனி வேலியைத் தாண்டிக் கால் வைத்தால் யார் கண்ணுக்கும் தெரியமாட்டார். போலீஸ் பேட்ஜ் மாட்டிய நாளிலிருந்தே அப்படித்தான். அவர் அதிகாரம் கம்பெனி மண்ணோடு சரி. உடம்பும் குரலும் அதோடு நின்றுகொண்டன. நெப்ராஸ்காவின் அந்தச் சிற்றூரில் இதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. முடிதிருத்துபவர் பெட்டியோடு ரயில் யார்டுக்குள்ளேயே வந்து வெட்டிவிட்டுப் போனார். தேவாலயத்தில் ஆர்விலுக்கென்று இடம்விட்டு உட்கார்ந்தார்கள். வேலையை விடலாமென்றால், அந்தப் பஞ்ச காலத்தில் வேறு வேலை ஏது?

வீடு வேலிக்கு அந்தப் பக்கம். மனைவி எட்னா மேசையில் வைக்கும் தட்டு காலியாகும். ஆள் வந்துபோனதற்கு அதுதான் அடையாளம். முகம் பார்க்க அவள் மாலையில் வேலியோரம் வந்து நிற்பாள். ஒரு குளிர்காலத்தில் அவள் படுத்த படுக்கையானாள். அதன்பின் வேலியோரம் யாரும் வரவில்லை.

சரக்கு வண்டியில் ஓசியில் திரியும் டஃபி, அவள் வீட்டில் விறகு பிளந்து சூப் வாங்கிக் குடிப்பவன். ஒரு கை கரி பொறுக்கியதற்காக ஆர்வில் அவன் விலா எலும்பை உடைத்திருக்கிறார். அவன்தான் ஒரு மத்தியானம் தானாகவே யார்டுக்குள் வந்தான். ரயில் போலீஸை ஓசியில் திரிகிறவர்கள் 'காளை' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"காளையாரே, வீட்டம்மா உங்க முகத்தப் பாக்கணும்ங்குது. ரொம்ப நாள் தாங்காது."

"நான் தினம் பக்கத்துலதான்டா உக்காந்திருக்கேன்."

"அது அம்மாவுக்கெப்படித் தெரியும்? கம்பெனித் தண்டவாளக் கட்டை ஒண்ணக் கொண்டுபோய்ப் போட்டு மேல நில்லுங்க. கம்பெனிச் சொத்து மேல நின்னா தெரியமாட்டீங்களா?"

"திருட்டு."

"அப்ப நான் திருடுறேன். நீங்க வந்து புடிங்க."

அவர் கண்ணெதிரிலேயே பாதியாய் ஒடிந்த ஸ்லீப்பர் கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு டஃபி நடந்தான். ஆர்வில் தடியோடு துரத்தினார். வேலியைத் தாண்டியதும் மறைந்தார். டஃபி கட்டையை எட்னாவின் கட்டிலருகே இறக்கிவிட்டு, கதவுப் பக்கம் திரும்பி, எங்கோ நின்றிருந்தவரிடம், "புடிச்சுட்டுப் போறதுன்னா போங்க" என்று சொல்லி வெளியேறினான்.

கட்டைமேல் வெகுநேரம் யாரும் தெரியவில்லை. கட்டை அசையவில்லை. பிறகு அதன்மேல் முதலில் பூட்ஸ் தெரிந்தது, அப்புறம் கோட்டு, கடைசியாக முகம்.

"வீட்டுக்குள்ள என்ன தொப்பி? கழட்டு ஆர்வில்" என்றாள் எட்னா. கழற்றினார். "முடியெல்லாம் எங்க போச்சு?"

வசந்தம் வருவதற்குள் அவள் போய்விட்டாள். காணாமல்போன கட்டையைத் தேடிவருவதாக ஆர்வில் கம்பெனிக்கு அறிக்கை அனுப்பிக்கொண்டேயிருந்தார். ஓய்வுபெற்று பேட்ஜைத் திருப்பிக் கொடுத்தபின்னும் உடம்பு திரும்பவில்லை. யார்டுக்குள் நுழையவும் அனுமதி போயிற்று. பொழுது சாயும்போது அந்தத் தெருவில் போகிறவர்கள், ஜன்னல் வழியே, காலிக் கட்டிலருகே கட்டைமேல் தொப்பியைக் கையில் பிடித்து நிற்கும் கிழவரைப் பார்ப்பார்கள். கையசைப்பார்கள். அவரும் அசைப்பார். பிறகு கட்டையை விட்டு இறங்கிச் சாப்பிடப் போவார்.