அரைக் கிளட்ச்சின் கார்

அந்தக் காரின் கதவைத் திறந்தால் முதலில் நாற்றம்தான் இறங்கும், ஆள் அப்புறம். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு புண்ணியவான் பால் பாக்கெட்டோடு ஓட்டப் பழக வந்தான்; அவன் போட்ட பிரேக்கில் பாக்கெட் கிழிந்தது. அந்தப் பாலோடு, பயந்து பயந்து ஓட்டியவர்களின் வியர்வையும் சேர்ந்து இப்போது குடலைப் பிடுங்கியது. அண்ணன் பெரிய மனசு பண்ணி ஒரு ரோஜா வாசனை அட்டையைத் தொங்கவிட்டான். அதன்பிறகு புளித்த ரோஜா நாறியது.

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் முதலாளி. எப்போதும் "அரைக் கிளட்ச், அரைக் கிளட்ச்" என்று கத்துவதால் அதுவே அவனுக்குப் பெயரானது. "ஒன்றரை வருஷமா நம்மகிட்ட ஒருத்தன்கூட ஃபெயில் ஆகல, தெரியுமா?" என்று வாய் கிழியப் பேசுவான். அதற்கு முன்னால் எப்படி என்று யாரும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

தங்கைக்கு வியாழக்கிழமை டெஸ்ட். லைசென்ஸ் கிடைத்தால் திங்கட்கிழமை முதல் ரத்த வங்கி வேனை ஓட்டும் வேலை. துணிக்கடையில் நின்று நின்றே கால் வீங்கிப்போனவள். உட்கார்ந்து பார்க்கிற வேலை என்றாலே அவளுக்குக் கண் கலங்கும்.

"இந்த நாத்தத்துல ஆபீசரை உட்கார வச்சா எனக்கு எப்படி மார்க் போடுவாரு?" என்றாள்.

"என்ன நாத்தம்?" என்றான் அண்ணன். அவன் மூக்கு எப்போதோ ராஜினாமா செய்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை கடைக்கு லீவு போட்டுவிட்டு இறங்கினாள். முன்சீட்டைக் கழற்றி, தரைவிரிப்பை உரித்தாள். அடியிலிருந்த ஸ்பாஞ்சில் பால் கெட்டியாக உறைந்து, மஞ்சள் பூத்துக் கிடந்தது. இரண்டு முறை வாந்தி எடுத்தாள், மூன்றாம் முறை திட்டினாள். ஸ்பாஞ்சை வீசி எறிந்துவிட்டுப் புதிது போட்டாள். தரைத் தகட்டை வினிகர் கலந்த தண்ணீரில் துடைத்தாள். சீட்டுத் துணியில் சமையல் சோடாவைத் தூவி, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் உறிஞ்சி எடுத்தாள். ஏசி ஃபில்டரை மாற்றினாள். நாலு கதவையும் திறந்து போட்டு நாள் முழுக்க வெயில் காட்டினாள். புதன்கிழமை சாயங்காலம் காருக்கு எந்த வாசனையும் இல்லை.

வியாழக்கிழமை ஆபீசர் மூக்கைப் பொத்திக்கொண்டே ஏறினார். மெல்லக் கையை எடுத்தார். ஒருமுறை இழுத்து மூச்சு விட்டார். சீட்டைப் பின்னால் தள்ளி, சாவகாசமாகக் காலை நீட்டினார்.

"நல்லா இருக்கே. சரி, ஊரைச் சுத்திட்டு வரலாம்."

சுற்றினார்கள். வளைவு, மேடு, சிக்னல் எல்லாம் வெளுத்து வாங்கினாள். திரும்பி வந்ததும், "அந்த ரெண்டு வண்டிக்கு நடுவுல ரிவர்ஸ்ல போடுங்க" என்றார்.

தங்கை முழி முழியென்று முழித்தாள். அண்ணன் அதைச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. மூன்று தடவை முயன்றாள். மூன்றாம் தடவை குப்பைத்தொட்டி உருண்டது.

"சனிக்கிழமை மறுபடி வாங்க."

"சார், எங்க ஸ்கூல்ல யாரும் ஃபெயில் ஆனதில்லையே!"

"எப்படிம்மா ஆவாங்க? உள்ள அஞ்சு நிமிஷம் உட்கார முடியாது. தெரு முனை வரைக்கும் போயிட்டு, கையெழுத்தைப் போட்டுட்டு ஓடிடுவேன்."

இரண்டு நாள் முதுகு ஒடியத் தேய்த்தது, சொந்தச் செலவில் வைத்துக்கொண்ட சூனியம். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

விஷயத்தைக் கேட்ட அண்ணன் உடனே பர்சை எடுத்தான். "ரெண்டு பாக்கெட் பாலை ஊத்தி வெயில்ல நிறுத்தினா சனிக்கிழமைக்குப் பழையபடி ஆயிடும்."

பொய் சொல்வானேன், ஒரு நிமிஷம் அவளுக்கும் ஆசை வந்தது. அப்புறம் ஆஸ்பத்திரிப் பின்வாசல் சந்து கண்ணில் நின்றது. வேனை அதற்குள் ரிவர்ஸில்தான் ஏற்ற வேண்டும். உள்ளே ரத்தத்துக்காக ஒருத்தர் காத்திருப்பார்.

"பாலும் வேணாம், ஒண்ணும் வேணாம். ரிவர்ஸ் கத்துக்குடு, அண்ணா."

அண்ணன் பர்சை மூடினான், திறந்தான், மறுபடி மூடினான்.

"அண்ணா?"

"எனக்கே வராதும்மா."

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அந்த முகத்தைப் பார்த்தாள். ஒன்றரை வருஷப் பெருமை மொத்தமும் வடிந்துபோய், ஃபெயிலான பையனைப் போல் நின்றான். பாவமாக இருந்தது.

"ஏறு," என்று பக்கத்துச் சீட்டைத் தட்டினாள். "முதல்ல நான் கத்துக்கறேன். அப்புறம் உனக்குச் சொல்லித்தர்றேன்."