அம்மா ஏறிய ரயில்

என் அம்மா ஆதிலட்சுமி அப்பாவை ஆசைப்பட்டு, வீட்டை விட்டு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டவள். அவளே சொன்னதுதான். மாசிமகக் கூட்டத்தில் அப்பா அவளைப் பார்த்தாராம். ஜங்ஷனில் மஞ்சள் பையோடு காத்திருந்தாராம். இருவரும் பாசஞ்சரில் ஏறினார்களாம். குடித்துவிட்டு வாசலில் விழுந்து கிடந்த அந்த மனுஷனை நான் மரியாதையாக அப்பா என்று கூப்பிட்டதே அந்த ரயிலுக்காகத்தான். மனசுக்குப் பிடித்தவனோடு போனால் எதையும் தாங்கிக்கொள்ளலாம் என்று எனக்குள் ஏற்றிவிட்டவள் அவள்தான்.

தொண்ணூற்று நான்கில் நானும் அம்மாவும் ஒரே பீங்கான் பொம்மைக் கம்பெனியில் வேலை பார்த்தோம். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையின் ஓரத்தைச் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து, அடியில் ஊசியால் அவரவர் அடையாளத்தைக் கீறிவிட வேண்டும். சூளையில் வெடித்ததற்குக் கூலி கிடையாது. நெருப்பு போடும் தீவாய்க்குப் பக்கத்தில் வைத்தால் வெடிக்கும், நடுவில் வைத்தால் தப்பிக்கும். சூளை அடுக்கியவன் பாரி. என் பொம்மைகளை எல்லாம் தேடித்தேடி நடுவில் வைத்தான். மாமியார் ஆகப்போகிறவளின் பொம்மைகளிலும் நாலை நடுவில் வைத்திருக்க வேண்டாமா? அந்தப் புத்தி அவனுக்கு இல்லை.

அம்மா ஒருநாள் வெடித்த தன் பொம்மைகளை ஒதுக்கிவிட்டு, என்னுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏண்டி வெண்மதி, உன்னுது மட்டும் ஒண்ணுகூட வெடிக்கல. யாருடி அவன்?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நம்பி எல்லாவற்றையும் சொன்னேன்.

"இதுல என்னடி இருக்குது? நான் பண்ணாததா? ஒருநாளு வூட்டுக்கு வரச் சொல்லு."

பாரி வந்தான். கருவாட்டுக் குழம்பு வைத்து, போதும் போதும் என்றவனுக்கு மேலும் மேலும் போட்டாள். "அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன் தம்பி" என்றாள். அவன் அவளை "அம்மா" என்றே கூப்பிட்டுவிட்டுப் போனான்.

தை மாதம் கம்மாபுரத்தில் மாமா வீட்டில் அறுப்பு. "ஒத்தாசையா இருந்துட்டு வா" என்று என்னை அனுப்பி வைத்தாள். திரும்பி வந்து கம்பெனிக்குப் போனால், சூளையில் வேறு எவனோ நிற்கிறான். பக்கத்தில் வேலை செய்யும் நீலாவதி அக்கா என்னை எரிப்பதுபோலப் பார்த்தாள்.

"மாமன் மவன் தேவநாதன்தான் வேணும்னு கம்மாபுரத்துக்கே போயிட்டியாமே? உங்கம்மாதான் பாரிகிட்ட வந்து சொன்னாங்க. நீதான் சொல்லச் சொன்னேன்னாங்க.  அந்தப் புள்ள மக்கா நாளே ஊரை வுட்டுப் போயிட்டான்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் பாரி நம்பியிருக்க மாட்டான். சோறு போட்டவள் சொன்னாள், நம்பிவிட்டான்.

வீட்டுக்கு ஓடினேன். அன்று வேலைக்கு வராத அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ மட்டும் ஓடிப்போயி கட்டிக்கலாம், நான் கட்டிக்கக் கூடாதா?"

"யாருடி ஓடுனா?" தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "எங்கப்பன் கட்டிக்கன்னாரு, கட்டிக்கிட்டேன். மூஞ்சியக்கூட மணவறையிலதான் பார்த்தேன்."

"அப்ப அந்த ரயிலு?"

"ரயிலாவது ஒண்ணாவது. இந்த ஆளோட குடும்பம் நடத்த ஒரு காரணம் வேணாமா? நானா ஒண்ண வச்சிக்கிட்டேன். பையன் நம்ம ஆளுங்க இல்ல. மாமா வாக்கு குடுத்தாச்சு. போய் மூஞ்சியக் கழுவு."

பாரியைத் துரத்தியதைக்கூட என்றைக்காவது மன்னித்திருப்பேன். பொய்யைச் சொல்லி என்னை ஆசைப்பட வைத்துவிட்டு, ஆசைப்பட்டதும் கழுத்தை அறுத்தாளே, அதை மன்னிக்கவே முடியவில்லை.

வைகாசியில் கல்யாணம். நான் கத்திப் பார்த்தேன், பட்டினி கிடந்து பார்த்தேன். அப்பா முதல்முறையாகக் குடிக்காமல் வந்து அடித்தார். 

மணவறையில் மாலையோடு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். பின்னால் கம்மாபுரத்துப் பெண்கள் அம்மாவிடம் ஏதோ கேட்டார்கள். அவள் குரல் தெளிவாகக் கேட்டது.

"நானா முடிச்சேன்? நல்லா கேட்டீங்க போங்க. சின்ன வயசுலேர்ந்தே அவளுக்குத் தேவநாதன் மேலதான் ஆசை. நான் வேணாம்னுதான் சொன்னேன். அவதான் ஒத்தக் கால்ல நின்னா."

அவர்கள் சிரித்தார்கள், நம்பிவிட்டார்கள். பக்கத்தில் இருந்த தேவநாதனும் அதைக் கேட்டுவிட்டு வெட்கத்தோடு என் பக்கம் திரும்பினான்.